கடிகாரத்தோடு வாழ்ந்த மனிதர்

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்



மேனேஜ்மென்ட் பேப்பரில் அடிக்கடி வரும் ஒரு ரெண்டு மார்க் கேள்வி நம் எல்லோருக்கும் தெரியும். அறிவியல் மேலாண்மையின் தந்தை யார்? எஃப். டபிள்யூ. டெய்லர் என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் இந்த வருஷம் இன்பிளான்ட் டிரெய்னிங் போய்விட்டு வந்த பிறகு அந்தப் பெயர் என்னை விடவில்லை. லைப்ரரியில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் மனதில் நின்றதை இங்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் 1856-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஜெர்மன்டவுன் என்ற பகுதியில் பிறந்தார். அப்பா வக்கீல். நல்ல வசதி. சின்ன வயதிலேயே ஐரோப்பாவெல்லாம் சுற்றிப் பார்த்தவர். நம்ம கதை மாதிரி இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டின முதல் ஆள் நான்தான். டெய்லர் வீட்டிலோ அப்பாவே காலேஜ் படித்தவர்.

பையனுக்கு எதையும் அளந்தாக வேண்டும். விளையாடப் போனால்கூட, மைதானத்தை அடிக்கணக்கில், அங்குலக் கணக்கில் சரியாக அளந்து கோடு போட்டால்தான் ஆட்டம். கூட விளையாடின பசங்களுக்கு அதிலேயே பாதி வெயில் போய்விடுமாம். இன்னொரு விஷயம்தான் எனக்கு ஆச்சரியம். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தூக்கத்தில் பயங்கரக் கனவுகள் வரும். மல்லாந்து படுக்கும்போதுதான் கனவு வருகிறது என்று கண்டுபிடித்து, தோல் வாரும் மரக்கூர்களும் வைத்து முதுகில் கட்டிக்கொள்ளும்படி ஒரு கருவி செய்தார். தூக்கத்தில் மல்லாந்தால் கூர் குத்தும், எழுந்துவிடலாம்! பெரியவரான பிறகும் தூக்கம் சரியாக வரவில்லை. தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாராம். ஊர் உலகத்துக்கெல்லாம் வேலையை ஒழுங்குபடுத்தித் தந்த மனுசனுக்கு ராத்திரித் தூக்கம் மட்டும் கடைசிவரை ஒழுங்குக்கு வரவில்லை.

1874-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் நன்றாகவே பாஸ் செய்தார். ஆனால் கண் வலி, தலைவலி என்று சொல்லி அங்கே போகவில்லை. பிலடெல்பியாவில் பம்பு தயாரிக்கும் ஒரு சிறு கம்பெனியில் பேட்டர்ன் மேக்கராகவும் மெஷினிஸ்டாகவும் நாலு வருஷம் அப்ரென்டிஸ் பயிற்சி. முதல் வருஷம் சம்பளமே கிடையாது. வக்கீல் வீட்டுப் பிள்ளை, கையெல்லாம் கிரீஸ். இந்த இடத்தில்தான் அவர் மேல் எனக்கு முதல்முதலாக ஒரு மரியாதை வந்தது.

1878-ல் மிட்வேல் ஸ்டீல் கம்பெனியில் சாதாரணக் கூலியாளாகச் சேர்ந்தார். அப்புறம் மெஷினிஸ்ட், கேங் பாஸ், ஃபோர்மேன் என்று மேலே ஏறி, ஆறே வருஷத்தில் சீஃப் இன்ஜினியர். முதலாளிகள் குடும்பத்துக்குத் தெரிந்தவர் என்பதும் உதவியது. ஆனால் உழைப்பும் பொய்யில்லை. வேலை பார்த்துக்கொண்டே ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிடியூட்டில், பரீட்சைக்கு மட்டும் போய், 1883-ல் மெக்கானிக்கல் பட்டம் வாங்கினார். 1881-ல் அமெரிக்க டென்னிஸ் இரட்டையர் சாம்பியனும் அவர்தான் என்றால் நம்புவீர்களா?

கேங் பாஸ் ஆன அன்றைக்குத்தான் சண்டை ஆரம்பம். லேத்தில் நிற்கிற ஆட்கள் தங்களால் முடிந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் உற்பத்தி காட்டுகிறார்கள் என்பது டெய்லருக்குத் தெரியும். அவரே அவர்களோடு நின்று அப்படிச் செய்தவர்தானே! அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்? சோம்பேறித்தனமா? இல்லை நண்பர்களே. பீஸ் ரேட். இன்றைக்கு அதிகம் செய்து காட்டினால் நாளைக்கு ரேட்டைக் குறைத்துவிடுவார்கள். அப்புறம் அதே கூலிக்கு அதிக வேலை. அந்த நியாயம் டெய்லருக்கும் புரிந்தே இருந்தது. இருந்தும் விடவில்லை. ரேட்டைக் குறைத்தார், ஆட்களை மாற்றினார், மெஷின் உடைந்தால் அபராதம் போட்டார். ஆட்களும் சும்மா இல்லை. மெஷினை உடைத்துவிட்டு, பாஸ் ஓட்டச் சொன்ன வேகத்தில் உடைந்தது என்று மேலே சொன்னார்கள். மூன்று வருஷம் நடந்தது. ராத்திரி ரயில் பாதை வழியாகத் தனியாக வீட்டுக்கு நடந்து போகாதே, சுட்டுவிடுவார்கள் என்று நண்பர்கள் எச்சரிக்கிற அளவுக்குப் போனது.

கடைசியில் ஜெயித்தவர் டெய்லர்தான், உற்பத்தி ஏறியது. ஆனால் பல வருஷம் கழித்துப் பாராளுமன்றக் கமிட்டி முன் சாட்சி சொல்லும்போது அவர் அந்த நாட்களைப் பெருமையாகச் சொல்லவில்லை. எந்தத் தொழிலாளியின் முகத்தைப் பார்த்தாலும் அதில் பகை தெரிகிற வாழ்க்கை கொடுமையானது என்றும், இருபது சொச்சம் வயதில் தான் இருந்த கிழத்தனம் ஐம்பத்தைந்தில்கூட இல்லை என்றும் பொருள்பட ஒப்புக்கொண்டார். வேலை இடத்து மன அழுத்தம் என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அதை முதலில் அனுபவித்தவர்களில் அவரையும் சேர்க்கத்தான் வேண்டும். சூப்பர்வைசர் நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் நாம். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அந்தப் பகையிலிருந்து தப்பிக்க அவர் கண்டுபிடித்த வழிதான் ஸ்டாப்வாட்ச். ஒரு நாள் வேலை என்பது எவ்வளவு என்று முதலாளிக்கும் தெரியவில்லை, தொழிலாளியும் சொல்வதில்லை. அளந்து விட்டால் சண்டைக்கே இடமில்லை என்று நினைத்தார். வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை செகண்ட் என்று குறித்தார். நாம் படிக்கிற டைம் ஸ்டடி இப்படித்தான் பிறந்தது.

இரும்பு வெட்டுவதிலும் அதே கதை. எந்த ஸ்பீடு, எந்த ஃபீடு, எவ்வளவு டெப்த் என்று 26 வருஷம் சோதனை நடத்தினார். 8 லட்சம் பவுண்டுக்கு மேல் இரும்பும் எஃகும் சில்லு சில்லாகப் போயின. கட்டிங் ஸ்பீடையும் டூல் லைஃபையும் இணைக்கும் டெய்லர் சமன்பாட்டை மனப்பாடம் செய்கிறோமே, அது இவர்தான். மான்செல் ஒயிட் என்பவரோடு சேர்ந்து எஃகு டூலைச் சூடுபடுத்துவதில் புது முறை கண்டுபிடித்து, 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார். டூல் முனை சிவந்து கனன்றபடியே வெட்டியதை உலகமே வேடிக்கை பார்த்தது. நம் ஒர்க்ஷாப்பில் கிரைண்ட் பண்ணுகிற ஹைஸ்பீட் ஸ்டீல் டூல் பிட்டுக்குப் பாட்டனார் அந்த டூல்தான். இதையெல்லாம் படிக்கும்போது அவரை மனதாரக் கும்பிட்டேன். இரும்பை அளந்தவரை யாரும் குறை சொல்ல முடியாது. மனுசனை அளந்ததில்தான் விஷயம் இருக்கிறது.

1898-ல் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனிக்கு வந்தார். அங்கே முற்றத்தில் பிக் அயர்ன் பாளங்களை ரயில் வண்டியில் ஏற்றுகிற வேலை. ஒரு பாளம் 92 பவுண்டு, அதாவது சுமார் 42 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கியிருப்பீர்கள், அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். ஒரு ஆள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றுவது வழக்கம். டெய்லர் போட்ட கணக்கு நாற்பத்தேழரை டன்! நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஆயிரத்து நூற்றைம்பதுக்கும் மேல் பாளங்கள். பத்து மணி நேர வேலையில் 31 செகண்டுக்கு ஒன்று.

இதற்கு அவர் தேர்ந்தெடுத்த ஆளைப் புத்தகத்தில் ஷ்மிட் என்று எழுதினார். உண்மைப் பெயர் ஹென்றி நோல். ஒரு டாலர் 15 சென்ட் கூலி ஒரு டாலர் 85 சென்ட் ஆனது. உற்பத்தி ஏறக்குறைய நாலு மடங்கு, கூலி ஏற்றம் 60 சதவீதம். அதற்கு நிபந்தனை என்ன தெரியுமா? பக்கத்தில் கடிகாரத்தோடு ஒருவர் நிற்பார். அவர் தூக்கு என்றால் தூக்க வேண்டும், நட என்றால் நடக்க வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. இந்த வேலைக்கு ஏற்ற ஆளின் மனசு எருதின் மனசு போல இருக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் டெய்லரே எழுதியிருக்கிறார். ஆனால் அதே நோல், காலையில் வேலைக்கு வருமுன்பும் சாயங்காலம் போன பிறகும் தனக்கென்று வாங்கின துண்டு நிலத்தில் தன் கையால் வீடு கட்டிக்கொண்டிருந்தவர். இதையும் டெய்லர்தான் எழுதியிருக்கிறார். வீட்டுக்குச் சுவர் எழுப்பத் தானே திட்டம் போடத் தெரிந்தவனுக்குப் பாளம் தூக்கத் திட்டம் போடத் தெரியாதா? இந்த முரண்பாடு அவர் கண்ணில் எப்படிப் படாமல் போனது என்று எனக்குப் புரியவே இல்லை. இந்தப் பாளம் ஏற்றிய கதையை அவர் நிறையவே மெருகேற்றிச் சொன்னார் என்று, பழைய பதிவேடுகளைப் புரட்டின ஆராய்ச்சியாளர்கள் பின்னாளில் காட்டினார்கள். எட்டுப் பேரில் ஒருவரால்தான் அந்த அளவு முடியும் என்பது அவரே சொன்ன கணக்கு.

நியாயமாகச் சொன்னால் நல்லதும் செய்தார். மண்வாரி வேலையில் ஒரு தடவைக்கு 21 பவுண்டு அள்ளினால் ஆள் களைக்காமல் அதிகம் செய்யலாம் என்று கண்டுபிடித்து, கனமான தாதுவுக்குச் சின்ன மண்வாரி, லேசான சாம்பலுக்குப் பெரிய மண்வாரி என்று கம்பெனியே தரும்படி செய்தார். அதுவரை ஆளாளுக்கு வீட்டிலிருந்து கொண்டு வந்ததுதான். ஓய்வு நேரத்தையும் கணக்கில் எடுத்தவர் அவர்.

இனி நான் சொல்லப்போவது சைக்கிள் பேரிங் குண்டு செக்கிங் விஷயம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிட்ச்பர்க் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை. பளபளக்கும் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை விரல் இடுக்கில் உருட்டி, கீறல், பள்ளம் பார்த்து எடுப்பது பெண்களின் வேலை. 120 பேர் தினமும் பத்தரை மணி நேரம் செய்தார்கள். டெய்லர் முறை வந்த பிறகு 35 பேர், எட்டரை மணி நேரம். ஒண்ணேகால் மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஓய்வு. சம்பளம் ஏறக்குறைய ரெட்டிப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீதி 85 பேர்? அப்புறம், இருந்த 35 பேரையும் ஒருவரோடு ஒருவர் பேச முடியாதபடி தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்கள்.

இந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் அம்மா ஆறு வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார்கள். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் போர்டு. பக்கத்து அக்காவிடம் பேசினால் சத்தம். பாத்ரூம் போக டோக்கன். அதுவும் ஒரு லைனுக்கு ஒரே ஒரு டோக்கன். வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் படியில் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு இறங்காது. தூக்கம் வராது. காரணமில்லாமல் அழுவார்கள். உடம்பு பலவீனம் என்றுதான் நினைத்தோம். பெரியாஸ்பத்திரியில் காட்டினபோதுதான் இது மனச்சோர்வு, மருந்து எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். மாத்திரையோடு அந்த வேலையையும் அம்மா விட்டுவிட்டார்கள். இப்போது வீட்டில் பிளவுஸ் தைக்கிறார்கள். பண்டிகை சமயத்தில் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் மெஷின் ஓடும். வேலை குறையவில்லை, வருமானம்தான் குறைந்தது. ஆனால் எந்தத் துணியை முதலில் எடுப்பது, எப்போது எழுந்து டீ போடுவது என்பது அம்மா இஷ்டம். இப்போது நன்றாகத் தூங்குகிறார்கள். மாத்திரையால் தேறினார்களா, வேலை மாறினதால் தேறினார்களா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

டெய்லருக்குத் திரும்புகிறேன். அவருடைய திட்டத்தின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்றால், யோசிக்கிற வேலை முழுவதையும் பட்டறையிலிருந்து எடுத்து பிளானிங் ரூமுக்குக் கொண்டுபோனதில்தான். என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், எத்தனை நிமிஷத்தில் முடிக்க வேண்டும் என்று முந்தின நாளே அட்டையில் எழுதி வரும். ஒரு தொழிலாளிக்கு எட்டு ஃபோர்மேன். நாம் ஃபங்ஷனல் ஃபோர்மேன்ஷிப் என்று படம் போட்டு அம்புக்குறி போட்டுப் பத்து மார்க் வாங்குகிறோமே, அதுதான். அந்தப் படத்தில் கடைசிக் கட்டத்தில் ஒர்க்கர் என்று எழுதுவோம். எட்டு அம்பும் அவரை நோக்கி வரும். அவரிடமிருந்து ஒரு அம்புகூட மேலே போகாது. நானும் எத்தனையோ தடவை அந்தப் படத்தைப் போட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட இது தோன்றினதில்லை.

1901-ல் பெத்லஹேம் கம்பெனி டெய்லரை வேலையை விட்டு நிறுத்தியது. மேலதிகாரிகளோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. அதற்குப் பிறகு சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. தன் கொள்கையைப் பரப்பினார். 1906-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் தலைவரானார். 1911-ல் அறிவியல் மேலாண்மையின் கோட்பாடுகள் பற்றிய அவர் புத்தகம் வந்தது.

அதே 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் என்ற இடத்தில் அரசாங்க ஆயுதத் தொழிற்சாலையில், ஸ்டாப்வாட்சோடு வந்து நின்றவர் முன்னால் வேலை செய்ய ஒரு மோல்டர் மறுத்துவிட்டார். அவரை நீக்கினார்கள். மற்ற மோல்டர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கூலி போதவில்லை என்ற சண்டை இல்லை இது. தலைக்கு மேல் நின்று நேரம் பார்ப்பது எங்களுக்கு அவமானம் என்பதுதான் அவர்கள் மனுவின் சாரம். விஷயம் பாராளுமன்றம் வரை போனது. 1912 ஜனவரியில் டெய்லரைக் கமிட்டி முன் நிறுத்தி நாள்கணக்கில் கேள்வி கேட்டார்கள். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நட்பு உண்டாக்கத்தானே இவ்வளவும் செய்தேன் என்று அவர் மனதார நம்பினார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தொழிலாளியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

அவர் காலத்தில் இதன் விலை என்ன என்று யாரும் அளக்கவில்லை. அளக்க ஆரம்பித்தது ரொம்பப் பின்னால். ஆர்தர் கோர்ன்ஹாசர் என்பவர் டெட்ராய்ட் கார் தொழிற்சாலை ஆட்களின் மனநலத்தைப் பற்றி 1965-ல் எழுதிய புத்தகத்தில், திறமைக்கு வேலையே இல்லாமல் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களின் மனநலம்தான் மோசம் என்று காட்டினார். 1979-ல் ராபர்ட் கராசெக் ஒரு கிராஃப் போட்டார். ஒரு அச்சில் வேலையின் பளு, இன்னொரு அச்சில் அந்த வேலையைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம். சுவீடனிலும் அமெரிக்காவிலும் எடுத்த விவரங்களை அதில் வைத்துப் பார்த்தார். பளு அதிகம், சுதந்திரமும் அதிகம் என்றால் மனுசன் தாக்குப்பிடிக்கிறான், கற்றுக்கொள்ளவும் செய்கிறான். பளு அதிகம், சுதந்திரம் இல்லை என்கிற மூலையில்தான் சோர்வும் மன அழுத்தமும் குவிந்து கிடந்தன. லண்டனில் 1985-ல் தொடங்கி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை வருஷக்கணக்கில் கவனித்தார்கள். அவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள்தான். அங்கேயும் தன் வேலையில் தனக்குச் சொல் இல்லாதவர்களுக்கு நெஞ்சு நோயும் மனக் கோளாறும் அதிகம் வந்தது. ஐரோப்பாவில் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வந்த கட்டுரையும், இப்படிப்பட்ட வேலையில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேரும் அளவு மனச்சோர்வு வரும் அபாயம் கூடுதல் என்றுதான் சொன்னது. எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. வீட்டுக் கஷ்டம், பிறவிக் குணம் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் பிளானிங் ரூமில் எழுதும் அட்டைக்கும் அதில் பங்கு உண்டு.

ஆரம்பத்தில் சொன்ன இன்பிளான்ட் டிரெய்னிங்குக்கு வருகிறேன். பதினைந்து நாளில் ஒரு நாள் என்னை டிரில்லிங் மெஷின் பக்கத்தில் நிறுத்தி, செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு டைம் எடுக்கச் சொன்னார்கள். மெஷினில் இருந்த அண்ணன் ஐ.டி.ஐ. படித்தவர், என் சித்தப்பா வயது. நான் நின்றதுமே அவர் கை மெதுவானது. மிட்வேலில் நடந்தது என் கண் முன்னால் நடக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. பத்து ரீடிங் எடுத்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. லஞ்ச் மணி அடித்ததும் கை துடைத்துக்கொண்டே வந்து, தம்பி எத்தனை செகண்ட் போட்டிருக்கே என்று மட்டும் கேட்டார். காட்டினேன். பார்த்துவிட்டு, ஜிக்கில் அந்த கிளாம்ப் இந்தப் பக்கம் இருந்தாலே ஆறு செகண்ட் மிச்சம்ப்பா, மூணு வருஷமா யாரும் எங்களைக் கேக்கல என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நான் ரிப்போர்ட்டில் பத்து ரீடிங்கையும் எழுதினேன். கிளாம்ப் விஷயத்தை எழுத அந்த ஃபார்மில் இடமே இல்லை. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். யாராவது படித்தார்களா என்று தெரியவில்லை.

டெய்லர் 1915-ல் நிமோனியா காய்ச்சலில் பிலடெல்பியா ஆஸ்பத்திரியில் படுத்தார். தினமும் காலையில் தன் கைக்கடக்கமான கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அவர் வழக்கம். மார்ச் 21-ஆம் தேதி, 59 வயது முடிந்த மறுநாள், விடியுமுன்பே அவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற சத்தம் கேட்டது என்றும், கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வந்து பார்த்தபோது உயிர் இல்லை என்றும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதே 1915-ல்தான், ராணுவச் செலவுக்கு ஒதுக்கும் பணத்தில் தொழிலாளியை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கக் கூடாது என்று அமெரிக்கப் பாராளுமன்றம் தடை போட்டது. அந்தத் தடை 1949 வரைக்கும் இருந்தது.

அவர் கல்லறை பிலடெல்பியாவை ஒட்டிய வெஸ்ட் லாரல் ஹில் இடுகாட்டில் இருக்கிறது. அறிவியல் மேலாண்மையின் தந்தை என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். நம்ம ரெண்டு மார்க் விடை அப்படியே!